முஸ்தபா கேமை வீட்டு கம்ப்யூட்டர்ல ஓட்டுறது எப்படி: மேம் எமுலேட்டர், அடியில இருந்து

அக்கா பையன் போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "மாமா, நீங்க எப்பவும் சொல்லுவீங்கல்ல முஸ்தபா கேம், அது கிடைச்சிருச்சு, ஆனா ஓட மாட்டேங்குது"ன்னு நின்னான். என்னடான்னு பாத்தா ஜிப் ஃபைலைப் பிரிச்சுப் போட்டுட்டு உள்ள இருந்த குட்டி குட்டி ஃபைலை எல்லாம் ஒவ்வொண்ணா டபுள் க்ளிக் பண்ணிட்டு இருக்கான், இதுல எதுடா கேமுன்னு தேடிட்டு. சிரிப்பு வந்துச்சு, ஆனா அவன் மேல தப்பில்ல, இப்ப இருக்குற பசங்களுக்கு கேம்னா ஒரு ஃபைல், க்ளிக் பண்ணா ஓடணும், அவ்ளோதான். முஸ்தபா மாதிரி ஆர்கேட் கேம், அதாவது கடையில காசு போட்டு ஆடுற பொட்டி கேம், அப்படி இல்ல, அது ஒரு மெஷின். இதை மட்டும் மண்டையில ஏத்திக்கிட்டா, அந்த மெஷினை கம்ப்யூட்டர்ல ஓட்டுற மேம்ங்கற சாஃப்ட்வேர்ல வர்ற பிரச்சனைல பாதி புரிஞ்சிரும், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல கேம் கடையில நின்னு ஆடுனோம்ல, அந்தப் பொட்டிக்குள்ள ஒரு போர்டு இருக்கும், போர்டுல ஒரு சிபியு, ஒரு சவுண்ட் சிப், அப்புறம் வரிசையா ரோம் சிப்புங்க. கேம் அந்த ரோம் சிப்புகள்ல துண்டு துண்டா பிரிஞ்சு கிடக்கும், ஒரு சிப்ல ப்ரோகிராம், இன்னொண்ணுல படம், இன்னொண்ணுல கலர், இன்னொண்ணுல சத்தம். பேக்மேன் 1980ல வந்தது, அதோட ப்ரோகிராம் மொத்தமே 4 கேபி சிப் நாலு, அதாவது 16 கேபி, இப்ப வாட்ஸ்அப்ல வர்ற குட்மார்னிங் படமே அதை விடப் பெருசு. அந்த சிப்ல இருக்குறதை அப்படியே காப்பி எடுத்து வச்சதுதான் ரோம் ஃபைல், எல்லா சிப்போட காப்பியையும் ஒண்ணா கட்டுனதுதான் அந்த ஜிப். மேம் என்ன பண்ணுதுன்னா, அந்தப் போர்டையே சாஃப்ட்வேர்ல கட்டி நிறுத்துது, பேக்மேன்னா 3 மெகாஹெர்ட்ஸ் சொச்சத்துல ஓடுற இசட்80 சிபியு மாதிரி நடிச்சு, ஒரிஜினல் ப்ரோகிராமை ஒரு வரி மாத்தாம ஓட்டுது. யாரும் கேமைத் திரும்ப எழுதல.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978, டைட்டோ கம்பெனி, பண்ணவர் நிஷிகாடோ. அதுல 55 ஏலியன் இருக்கும், ப்ரோகிராம் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு ஏலியனைத்தான் நகத்தும், அதனால கூட்டமா இருக்கும்போது ஆமை மாதிரி வரும், நாம சுட்டு சுட்டு குறைக்க குறைக்க ஒரு ரவுண்டு சீக்கிரம் முடிஞ்சிரும், கடைசி ஒருத்தன் மட்டும் தலைதெறிக்க ஓடுவான். வேகமாக்கணும்னு தனியா கோடு எழுதல, மெஷின் வேலை பாக்குற விதத்துல தானா வந்த விஷயம், நல்லா இருக்கேன்னு அப்படியே விட்டுட்டாரு. மேம்லயும் அதே மாதிரிதான் வரும், ஏன்னா ஓடுறது அதே ப்ரோகிராம்.

சரி வேலைக்கு வருவோம்.

மேமை ஆரம்பிச்சது நிக்கோலா சால்மோரியான்னு ஒரு இத்தாலிக்காரர், முதல் ரிலீஸ் 1997 பிப்ரவரி. நம்ம ப்ரவுசிங் சென்டர் காலத்துல சிடியில காப்பி அடிச்சுக் குடுப்பாங்களே மேம்32, அது இதோட விண்டோஸ் ஜன்னல் போட்ட வெர்ஷன். கேம் ஓபன் பண்ணா ஒரு மிரட்டல் மெசேஜ் வந்து ஓகேன்னு டைப் பண்ணுன்னு சொல்லுமே, ஞாபகம் இருக்கா, நான் அதை வைரஸ்னு நினைச்சு ரெண்டு நாள் கம்ப்யூட்டரையே தொடல. இப்ப அதெல்லாம் தேட வேணாம். மேம்டெவ் டாட் ஆர்க்னு அவங்க சொந்த சைட்லயே இலவசமா இருக்கு, 2016ல இருந்து முழு ஓபன் சோர்ஸ், மாசாமாசம் புது வெர்ஷன் வருது. விண்டோஸ்னா டவுன்லோட் பண்ணி ஒரு ஃபோல்டர்ல பிரிச்சுப் போட்டா போதும், இன்ஸ்டால் எல்லாம் கிடையாது. டெஸ்க்டாப்லயோ ப்ரோகிராம் ஃபைல்ஸ்லயோ போடாதீங்க, டி டிரைவ்ல மேம்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வைங்க, பர்மிஷன் தொல்லை இருக்காது. உபுண்டு ஆளுங்களுக்கு ஆப்ட்லயே இருக்கு.

மேம் ஃபோல்டருக்குள்ள ரோம்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். ஜிப் ஃபைலைப் பிரிக்காம, பேர் மாத்தாம, அப்படியே அதுக்குள்ள போடணும். பேர் மாத்தாமங்கறதை திரும்ப சொல்றேன், ஏன்னா எனக்கு வந்த பாதி கேள்வி இதுலதான் முடிஞ்சிருக்கு. மேம் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குட்டிப் பேர் வச்சிருக்கு, நம்ம முஸ்தபா கேமோட ஒரிஜினல் பேரு கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், கேப்காம், 1993, மேம்ல அதுக்கு வெறும் டைனோ. நீங்க பாசமா அதுக்கு முஸ்தபான்னு ரீநேம் பண்ணா மேம் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது.

ரோம் எங்க கிடைக்கும்ங்கறது அடுத்த கேள்வி. மேம் இலவசம், ஆனா ரோம் கேம் கம்பெனியோட சொத்து, லிங்க் கேட்டு வராதீங்க, நான் தர மாட்டேன். முதல்ல மேம்டெவ் சைட்லயே ரோம்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, உரிமை உள்ளவங்க காசு பாக்காம விளையாட அனுமதி குடுத்த கேம்கள், அதை வச்சு ஆரம்பிங்க. கிரிட்லி இருக்கு, 1983ல பண்ணி கடைசி வரைக்கும் கடைக்கே வராத கேம். ராபி ரோட்டோ இருக்கு, மண்ணு தோண்டிப் போற மேஸ் கேம், அது நிஜமாவே நல்லா இருக்கும். பாலி பிளேன்னு கிழக்கு ஜெர்மனி மெஷின் ஒண்ணு இருக்கு, 1985, இசட்80ஐ அவங்களே நகல் எடுத்துப் பண்ண சிப்ல ஓடுறது, ஒரே பொட்டியில எட்டு கேம், கிராஃபிக்ஸ் சுமார்தான் ஆனா பெர்லின் சுவரு இடியறதுக்கு முன்னாடி அந்த நாட்டுப் பசங்க என்ன ஆடுனாங்கன்னு பாக்கவாச்சும் ஒரு தடவ போடுங்க. செட்டப் சரியா இருக்கான்னு சோதிக்க இதுங்களே போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி பெரிய பேருங்க வேணும்னா கேப்காமே ஆர்கேட் ஸ்டேடியம்னு ஸ்டீம்ல விக்குது, அப்பப்ப சேல்ல வரும். முஸ்தபா விஷயம்தான் சோகம், அது வேற ஒருத்தர் காமிக்ஸ்ல இருந்து எடுத்த கதை, இந்த ஆர்கேட் கேம் எந்த வீட்டு கன்சோலுக்கும் வரவே இல்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, ரோம்னு சொல்லி டாட் இஎக்ஸ்இ ஃபைல் யாராவது குடுத்தா அது ரோம் இல்ல, கைய வைக்காதீங்க.

இப்ப மேமை ஓபன் பண்ணா ஆயிரக்கணக்குல லிஸ்ட் வரும், பயந்துராதீங்க, அது மேமுக்குத் தெரிஞ்ச மெஷின் லிஸ்ட், உங்ககிட்ட இருக்குறது இல்ல. இடது பக்கம் ஃபில்டர்ல அவைலபிள்னு இருக்கும், அதைத் தட்டுனா உங்ககிட்ட ரோம் இருக்குறது மட்டும் நிக்கும். என்டர் தட்டுனா ஓடும், ஃபுல் ஸ்க்ரீன் வேணாம்னா ஆல்ட் என்டர். ஓடுனதும் எல்லாரும் முழிக்கிற இடம், என்ன தட்டுனாலும் கேம் ஸ்டார்ட் ஆகாது. காசு போடுங்கப்பா! மெஷின்னு சொன்னேன்ல. கீபோர்டு மேல வரிசையில இருக்குற 5தான் காசு, 1 ஸ்டார்ட். ஆரோ கீ நாலும் ஸ்டிக், இடது கன்ட்ரோல் முதல் பட்டன், இடது ஆல்ட் ரெண்டாவது, ஸ்பேஸ் மூணாவது, இடது ஷிஃப்ட் நாலாவது. எஸ்கேப் அடிச்சா கேம் டக்குனு மூடிரும், கேக்கவே கேக்காது, செட்டிங்ஸ்ல கன்ஃபர்ம் க்விட்னு ஒண்ணு இருக்கு அதை ஆன் பண்ணி வச்சுக்கங்க, கடைசி பாஸ் முன்னாடி கை தவறி எஸ்கேப்ல பட்டா அழுகைதான் வரும். அப்புறம் அந்த ஷிஃப்ட், அஞ்சு தடவ வேகமா அடிச்சா விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் வேணுமான்னு கேட்டு நடு சண்டையில ஜன்னலைத் தூக்கிப் போடும், விண்டோஸ் செட்டிங்ஸ்ல போய் அதோட ஷார்ட்கட்டை மொத்தமா ஆஃப் பண்ணிருங்க.

அடுத்து எரர். "ஃபைல் மிஸ்ஸிங்"னு வந்து பல்லை இளிக்கும். நிறைய பேர் இங்கதான் கைவிட்டுட்டுப் போறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல் காரணம் அப்பா பிள்ளை உறவு. ஒரே கேம் பல நாட்டுக்குப் பல வெர்ஷன்ல வந்திருக்கும், மேம் அதுல ஒண்ணை பேரன்ட்டா வச்சு மத்ததை க்ளோன்னு சொல்லும். பேக்மேன் ஜப்பான்ல பக்மேன்னு வந்துச்சு, அமெரிக்காவுக்குப் போகும்போது பசங்க பி எழுத்தைச் சுரண்டி எஃப் ஆக்கிருவாங்கன்னு பயந்து பேரை மாத்துனாங்க. மேம்ல பக்மேன்தான் அப்பா, நமக்குத் தெரிஞ்ச பேக்மேன் பிள்ளை. ரோம் செட்டைக் கட்டும்போது ரெண்டுக்கும் பொதுவான சிப்பை அப்பா ஜிப்ல மட்டும் வச்சு இடத்தை மிச்சம் பண்ணுவாங்க, அதுக்கு ஸ்ப்ளிட் செட்னு பேரு. அதனால பேக்மேன் ஜிப் மட்டும் வச்சிருந்தா கலர் சிப்பும் சவுண்ட் சிப்பும் இல்லாம நிக்கும், பக்மேன் ஜிப்பும் கூட இருந்தாதான் முழு மெஷின். ஒவ்வொரு கேம் ஜிப்லயும் அதுக்கு வேண்டிய எல்லா சிப்பையும் போட்டுட்டா நான்-மெர்ஜ்டுன்னு சொல்லுவாங்க, இடம் ஜாஸ்தி ஆனா தலைவலி இல்ல, புதுசா வர்றவங்களுக்கு அதான் என் ஓட்டு.

ரெண்டாவது, போர்டுக்குப் பொதுவான சிப். நியோ ஜியோ கேம் எது ஓட்டணும்னாலும், மெட்டல் ஸ்லக்கோ கிங் ஆஃப் ஃபைட்டர்ஸோ, நியோஜியோ ஜிப்னு ஒரு பயோஸ் ஃபைல் ரோம்ஸ் ஃபோல்டர்ல கூட இருக்கணும், அது அந்த போர்டோட சொந்த ப்ரோகிராம். அக்கா பையன் கதையும் கடைசியில இதுதான். ஜிப்பைப் பிரிக்காம போட்டான், பேரும் சரி, அப்பவும் டிஎல் 1425 இல்லைன்னு ஒரே அழுகை. முஸ்தபா கேமோட சத்தம் க்யூசவுண்ட்னு ஒரு சிப்ல இருந்து வருது, புது மேம் அந்த சிப்புக்குள்ள இருக்குற ப்ரோகிராமையும் தனி ஜிப்பா கேக்கும், பழைய மேம்ல அது தேவையே இல்ல. அதனாலதான் "எனக்கு 2005ல ஓடுச்சே இப்ப ஏன் ஓடல"ன்னு பல பேர் புலம்புறது.

இது மூணாவது காரணத்துக்கே கொண்டு வந்து விடுது, வெர்ஷன். யாராவது ஒரு போர்டைத் திரும்ப திறந்து பழைய காப்பியில தப்பு இருக்கேன்னு கண்டுபிடிச்சா மேம் புது காப்பியைத்தான் சரின்னு சொல்லும், பழைய ஜிப் அன்னைல இருந்து செல்லாது. பேர் ஒண்ணா இருந்தா போதாது, உள்ள ஒவ்வொரு ஃபைலோட செக்சம்மும், அதாவது ஃபைல்ல இருக்குறதை வச்சுக் கணக்குப் போட்ட அடையாள நம்பரும், ஒத்துப் போகணும். அதனால மேம் எந்த வெர்ஷனோ ரோம் செட்டும் அந்த வெர்ஷனுக்கானதா இருக்கணும், பல எமுலேட்டரை ஒரே இடத்துல ஓட்டுற ரெட்ரோஆர்க்ல மேம் 2003ன்னு ஒரு கோர், அதாவது உள்ள போடுற எமுலேட்டர், இருக்கு, அது மேம் 0.78 காலத்து செட்டைக் கேக்கும், எஃப்பி நியோன்னு இன்னொரு ஆர்கேட் எமுலேட்டர் போட்டா அதுக்கு தனி செட். ஒரு கேம் ஓடல்லன்னு நாலு சைட்ல இருந்து நாலு ஜிப் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு போடுறதை விட்டுட்டு, எரர்ல என்ன ஃபைல் பேர் காட்டுதுன்னு நிதானமா படிச்சுப் பாருங்க, முக்கால்வாசி பதில் அதுலயே இருக்கு. நாட் ஃபவுண்ட்னா ஃபைலே இல்ல, ராங் செக்சம்னா ஃபைல் இருக்கு ஆனா வேற வெர்ஷன்.

கில்லர் இன்ஸ்டிங்க்ட் மாதிரி சிலது மெஷினுக்குள்ளயே ஹார்ட் டிஸ்க் வச்சு வந்தது, அதுக்கு சிஎச்டின்னு ஒரு பெரிய ஃபைல் தனியா வேணும், ரோம்ஸ்க்குள்ள கேமோட குட்டிப் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வைக்கணும்.

எந்த கம்ப்யூட்டர் வேணும்னா, பேக்மேன் எல்லாம் ஆபீஸ்ல தூக்கிப் போட்ட மெஷின்லயே ஓடும், முஸ்தபா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் காலத்து கேமுக்கும் பத்து வருஷ லேப்டாப் தாராளம். 90கள் நடுவுல வந்த த்ரீடி கேம்தான் திணறும், அதுக்கு கிராஃபிக்ஸ் கார்டு மாத்தி பிரயோஜனமில்ல, மேம் கிட்டத்தட்ட எல்லா வேலையையும் சிபியுலதான் பாக்குது, அதுவும் ஒரு கோரோட வேகம்தான் முக்கியம். ரொம்பப் பழைய லேப்டாப்னா மேமை விட்டுட்டு எஃப்பி நியோ போடுங்க, லேசா இருக்கும்.

ஓட ஆரம்பிச்சாச்சுன்னா டேப் கீயைத் தட்டுங்க, மெனு வரும், இங்கதான் உண்மையான சுகம். இன்புட் செட்டிங்ஸ்ல ஜெனரல்னு ஒண்ணு இருக்கும், இந்த சிஸ்டம்னு ஒண்ணு இருக்கும், ஜெனரல்ல மாத்தினா எல்லா கேமுக்கும் மாறிரும், ஜாக்கிரதை. அப்புறம் டிப் ஸ்விட்ச். போர்டுல நிஜமாவே குட்டி குட்டி ஸ்விட்ச் இருக்கும், கடைக்காரர் பொட்டியைத் திறந்து அதைத் தள்ளி உயிர் எத்தனை, கஷ்டம் எவ்ளோ, எக்ஸ்ட்ரா லைஃப் எத்தனை பாயின்ட்லன்னு வச்சுக்குவாரு. மேம்ல அதே ஸ்விட்ச் மெனுவா இருக்கு, பேக்மேன்ல உயிர் 1, 2, 3, 5ன்னு வைக்கலாம், போனஸ் லைஃப் 10000ல இருந்து 20000 வரைக்கும், இல்ல மொத்தமா கிடையாதுன்னும் வைக்கலாம். மாத்திட்டு எஃப் 3 அடிச்சு மெஷினை ரீசெட் பண்ணுங்க. எங்க ஊர் கடையில எனக்கு ஏன் ரெண்டாவது ஸ்டேஜ் தாண்டலன்னு இந்த மெனுவைப் பாத்தப்புறம்தான் சந்தேகமே வந்துச்சு, அந்த அண்ணன் கஷ்டத்தைக் கடைசி வரைக்கும் ஏத்தி வச்சிருப்பாரு போல, வீட்ல டிஃபால்ட்ல போட்டா நான் அவ்ளோ மோசமில்ல.

ஹைஸ்கோர் விஷயத்துல பலரும் ஏமாறுவாங்க. பேக்மேன் போர்டுல பேட்டரி கிடையாது, கடையில ப்ளக்கைப் பிடுங்கினா ஸ்கோர் போயிரும், மேம்லயும் அதே மாதிரி மூடுனா போயிரும். ப்ளகின்ஸ்ல ஹைஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, ஆன் பண்ணா சேத்து வைக்கும்.

படம் சரியா வரணும்னா வைட் ஸ்க்ரீன் முழுக்க இழுத்து விடாதீங்க, தயவு செஞ்சு. முஸ்தபா போர்டு 384க்கு 224 புள்ளியில படம் போட்டு அதை 4க்கு 3 டிவியில காட்டுச்சு, அதை இழுத்தா எல்லாரும் குண்டா தெரிவாங்க. ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்குறதுதான் சரி. பேக்மேன் நிக்க வச்ச டிவி, 224க்கு 288, அதனால நடுவுல ஒடுக்கமா வரும், சுழலுற மானிட்டர் இருந்தா திருப்பி வச்சு மேம்ல ரொட்டேட் பண்ணிப் பாருங்க, வேற லெவல். புள்ளி எல்லாம் கட்டம் கட்டமா கூர்மையா தெரியுதேன்னு உறுத்தினா மேமோட பிஜிஎஃப்எக்ஸ் வீடியோ மோட்ல சிஆர்டி ஜியோம்னு ஒரு ஷேடர், அதாவது படத்தை மாத்திக் காட்டுற ஃபில்டர், இருக்கு, பழைய டிவியோட கோடும் வளைவும் வந்துரும்.

படம் அப்பப்ப லேசா தடுக்குதா? உங்க மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 தடவ படம் மாத்தும், ஆனா பேக்மேன் 60.6, மார்ட்டல் காம்பாட் 54.7, ஆர்கேட் போர்டு ஒவ்வொண்ணும் அதது இஷ்டத்துக்கு ஓடும். பேக்மேனுக்கு சிங்க் ரெஃப்ரெஷ் ஆன் பண்ணா கேம் ஒரு சதவீதம் மெதுவா மானிட்டரோட சேந்து ஓடும், கண்ணுக்குத் தெரியாது. மார்ட்டல் காம்பாட்டுக்கு அதைப் பண்ணிராதீங்க, பத்து சதவீதம் வேகமாயிரும். ஃப்ரீசிங்க் மாதிரி மாறுற ரெஃப்ரெஷ் உள்ள மானிட்டர்னா கவலையே இல்ல. பட்டன் அடிச்சா லேட்டா அடிக்குதுன்னா மேம்ல லோ லேட்டன்சி ஆன் பண்ணுங்க, டிவில போட்டு ஆடுறீங்கன்னா டிவியோட கேம் மோடை ஆன் பண்ணுங்க, என் அனுபவத்துல டிவிதான் பெரிய திருடன்.

ஸ்டிக் வாங்கப் போறீங்கன்னா ஒரு வார்த்தை. பேக்மேன் மெஷின்ல இருந்தது நாலு திசை ஸ்டிக், குறுக்க போகாது. இப்ப விக்கிறது பெரும்பாலும் எட்டு திசை, திருப்பத்துல லேசா கோணல் பட்டா பேக்மேன் திரும்பாம நேரா பேய் வாயில போய் விழுவான், தப்பு உங்க மேல இல்ல. சான்வா ஜேஎல்எஃப் மாதிரி ஸ்டிக்ல அடியில இருக்குற தகட்டைக் கழட்டி 45 டிகிரி திருப்பி மாட்டினா நாலு திசையாயிரும். வெறும் பேக்மேனுக்குன்னா கீபோர்டே மேல்.

முஸ்தபா மூணு பேர் ஆடுறது. மேம் ஒரே கீபோர்டுல மூணு பேருக்கும் இடம் வச்சிருக்கு, ரெண்டாவது ஆளுக்கு ஆர், எஃப், டி, ஜி திசை, ஏ, எஸ் பட்டன், காசு 6, ஸ்டார்ட் 2. மூணாவது ஆளுக்கு ஐ, கே, ஜே, எல், வலது கன்ட்ரோல், வலது ஷிஃப்ட், காசு 7, ஸ்டார்ட் 3. சொல்றதுக்கு நல்லாதான் இருக்கு, ஆனா சாதா கீபோர்டு ஒரே நேரத்துல சில கீ கூட்டணியை வாங்கவே வாங்காது, மூணு பேர் அமுக்கினா ஒருத்தன் சும்மா நிப்பான், அப்புறம் தோள்ல இடிச்சுக்கிட்டு சண்டை. நானும் அக்கா பையனும் அவன் ஃப்ரெண்டும் ஒரு மணி நேரம் இப்படி உக்காந்து பாத்தோம், கடைசியில ரெண்டு யூஎஸ்பி பேட் வாங்கி டேப் மெனுல மேப் பண்ணிட்டு, கீபோர்டை எனக்கு மட்டும் வச்சுக்கிட்டேன். கேம்ல வர்ற முஸ்தபாங்கற கேரக்டரை யார் எடுக்குறதுங்கறதுல மட்டும் இன்னும் தீர்வு வரல.